முகத்துக்கு எழுதிய சீட்டு

"ஆறாவது தடவையா என் சீட்டு திரும்பி வந்திருக்கு, மேடம்" என்றார் மாணவர்.

"ஏழாவது" என்றார் ஆசிரியை.

மாணவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசிரியைக்கு நாற்பத்தொன்று.

மாணவரின் பெயர் டாக்டர் கோமதிநாயகம். தென்பாண்டிச் சீமையின் சிற்றூர் ஒன்றில் இருபத்துமூன்று ஆண்டுகள் பொது மருத்துவம் பார்த்தவர். தோல் நோய்களை முறையாகக் கற்க வேண்டும் என்ற ஆசை பிந்தி வந்தது. கிளினிக்கைப் பூட்டிவிட்டு, அரசு மருத்துவமனை ஒன்றில் பட்டயப் படிப்புக்குச் சேர்ந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன.

ஆசிரியை டாக்டர் ஜுலைகா அங்கே தோல் நோய்ப் பிரிவின் தலைவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவர். சில வேளைகளில் அதுவும் இல்லை.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டீராய்டு கலந்த எந்த மருந்தை மாணவர் எழுதினாலும், சீட்டு நோயாளியின் கைக்குப் போகும் முன் ஆசிரியையின் மேசைக்குப் போக வேண்டும். சரியாக இருந்தால் கையெழுத்தோடு வரும். சரியாக இல்லாவிட்டால் போனபடியே வரும். என்ன பிழை என்று எழுதப்பட்டிருக்காது.

"மருந்தோட பேர் சரியா, மேடம்?"

"சரி."

"வீரியம்?"

"சரி."

"காலை, இரவுன்னு வேளையும் எழுதியிருக்கேன்."

"பார்த்தேன்."

"அப்போ என்னதான் இல்லை?"

ஆசிரியை சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்கதான் நோயாளி. சீட்டை வாங்கிட்டு வீட்டுக்குப் போயாச்சு. என்ன செய்வீங்க?"

"பூசுவேன்."

"அப்புறம்?"

"மறுநாளும் பூசுவேன்."

"அப்புறம்?"

"மேடம், வெளியில அறுபது பேர் நிக்கிறாங்க."

"எனக்கும் அதே அறுபது பேர்தான்" என்ற ஆசிரியை, அடுத்த நோயாளியை அழைத்தார்.

*

திரும்பிய சீட்டுகளைச் சுமந்து வருபவர் சிஸ்டர் தங்கபுஷ்பம். பதினான்கு ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்பவர்.

"மனசை விட்டுராதீங்க சார். போன வருசம் படிச்ச டாக்டரம்மா பதினெட்டுச் சீட்டு திரும்ப வாங்கினாங்க."

"அப்புறம் எப்படிக் கத்துக்கிட்டாங்க?"

"கத்துக்கலை சார். கண் டாக்டருக்குப் படிக்கப் போயிட்டாங்க."

மாணவர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

*

எட்டாவது சீட்டில் அவர் ஒரு வரியைக் கூடுதலாக எழுதினார். தேவையான அளவு பூசவும்.

இந்த முறை ஆசிரியை அவரை அழைத்தார். சிஸ்டரையும் நிற்கச் சொன்னார். களிம்புக் குழாய் ஒன்றைத் திறந்து நீட்டினார்.

"ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குப் படை இருக்கு. தேவையான அளவு எடுங்க."

மாணவர் பயறு அளவு எடுத்தார்.

சிஸ்டர் தம் விரலின் முழு நீளத்துக்கும் பிதுக்கினார். "வீட்டுல பேஸ்டே இவ்வளவு எடுப்பேன், மேடம்."

"ரெண்டு பேர் கையிலயும் ஒரே சீட்டு" என்றார் ஆசிரியை.

பிறகு தம் சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரே கோடாகக் களிம்பை வைத்துக் காட்டினார். ரெண்டு உள்ளங்கைக்கு இது போதும் என்றார். துடைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒன்பதாவது சீட்டில் மாணவர் விரல் நுனிக் கணக்கை எழுதினார். அதற்கு ஒரு சிறு படமும் வரைந்தார்.

அதுவும் திரும்பி வந்தது.

"படம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க சார்" என்றார் சிஸ்டர்.

*

அதன்பின் மாணவர் ஸ்டீராய்டு எழுதுவதையே விட்டார்.

அரிப்புக்கு மாத்திரை எழுதினார். வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் எழுதினார். மூன்று நாட்கள் ஒரு சீட்டும் ஆசிரியையின் மேசைக்குப் போகவில்லை. ஆகவே ஒன்றும் திரும்பி வரவில்லை. அவருக்கு அது ஏறக்குறைய வெற்றியாகத் தோன்றியது.

நான்காம் நாள் சுடலைக்கண்ணு என்ற கொத்தனார் வார்டில் சேர்க்கப்பட்டார். மார்பிலும் முதுகிலும் நீர் கோத்த கொப்புளங்கள். பல உடைந்து தோல் உரிந்திருந்தது. வாய்க்குள்ளும் புண். மூன்று நாட்களாகக் கஞ்சிகூட இறங்கவில்லை.

மாணவர் புண்ணுக்கு உப்புத் தண்ணீர் ஒத்தடம் எழுதினார். கிருமிக்கு மருந்து எழுதினார். அரிப்புக்கு மாத்திரை எழுதினார்.

வார்டுக்கு வந்த ஆசிரியை அதைப் படித்தார். படித்துவிட்டு மாணவரின் பேனாவையே வாங்கி, அதன் கீழே ஸ்டீராய்டு மாத்திரை என்று எழுதினார். எடைக்கு ஏற்ற முழு அளவு. இன்றே, இப்போதே.

மாணவருக்குப் பொறுக்கவில்லை.

"நேத்து வரைக்கும் ஒரு பொட்டுக் களிம்புக்குக் கையெழுத்துப் போடலை. இன்னைக்குக் கை நிறைய மாத்திரை."

"ஆமா."

"நான் ஸ்டீராய்டு கொடுக்கணுமா, கொடுக்கக் கூடாதா? அதையாவது சொல்லுங்க மேடம்."

"ஆமா."

"மேடம்."

ஆசிரியை திரும்பிப் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை. ஆனால் சிஸ்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இது இன்னைக்குக் கிடைக்கலைன்னா இந்த மனுசன் பிழைக்க மாட்டார். உங்களுக்கு என் மேல கோபம்னா என்கிட்ட காட்டுங்க. இவர் சீட்டுல காட்டாதீங்க."

மாணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கொத்தனாரின் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னார் ஆசிரியை. பிறகு கட்டிலின் ஓரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொன்னதையே மூன்று முறை சொன்னார். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"கொப்புளம் அடங்கிடுச்சுன்னா?" என்று கேட்டார்.

"மாத்திரையை நிறுத்தப்படாது."

"யார் சொன்னா குறைக்கணும்?"

"நீங்க சொன்னா. கொஞ்சம் கொஞ்சமா."

"நீங்களா ஒரே நாள்ல நிறுத்திட்டா?"

"மயங்கி விழுந்திருவேன். உசுருக்கே ஆபத்து." கொத்தனார் வாய்ப்புண்ணோடு சிரமப்பட்டுச் சிரித்தார். "அஸ்திவாரம் போட்ட கையோட யாராவது ஆளைக் கலைச்சு விடுவாங்களா, டாக்டரம்மா."

மாணவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு நிமிடங்கள். தம் கிளினிக்கில் பதினோரு நிமிடத்தில் ஏழு பேரைப் பார்த்து அனுப்பியிருப்பார். ஏழு பேரும் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அதை அவர் சிஸ்டரிடம் சொன்னார்.

"இங்க யாரும் கும்பிட மாட்டாங்க சார்" என்றார் சிஸ்டர். "நேரம் ஆக்குறாங்கன்னு திட்டிட்டுத்தான் போவாங்க."

*

அடுத்த வாரத்துப் புதன்கிழமை, புற நோயாளிகள் வரிசையிலிருந்து ஒரு பெண், முகக்கவசம் அணிந்திருந்த மாணவரின் மேசைக்கு வந்தார்.

பெயர் பேச்சித்தாய். வயது நாற்பத்தேழு. கிராமத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவுச் சமையல்.

முகம் மட்டும் வேறொருவருடையதுபோல் இருந்தது. கழுத்தும் கையும் மாநிறம். கன்னங்கள் சுட்ட செங்கல்லின் நிறம். தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, அதனடியில் சிவந்த ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன. மேலுதட்டிலும் தாடையிலும் பூனைமுடி.

"எனக்கு வைத்தியம் ஒண்ணும் வேண்டாம் டாக்டரய்யா" என்றார் பேச்சித்தாய். "இந்தச் சீட்டைப் புதுசா எழுதித் தந்தாப் போதும். மருந்துக்கடைக்குப் புதுசா வந்த ஆளு, சீட்டு பழசாயிட்டுன்னு களிம்பு தர மாட்டேங்கான்."

பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். இருபுறமும் பிளாஸ்டிக் ஒட்டி, ஓரம் வெட்டி, ரேஷன் கார்டைவிடப் பத்திரமாக இருந்தது.

மாணவர் அதைப் பார்த்தார். பிறகு முகக்கவசத்தைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கையெழுத்து அவருடையது. முத்திரையும் அவருடையது.

"யார் எழுதினது?" என்று கேட்டார். கேட்க வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை.

"எங்க பக்கத்து ஊரு டாக்டர் அய்யா. நாலு வருசம் ஆச்சு. கைராசிக்காரரு. கன்னத்துல கருப்பா மங்கு விழுந்துட்டுன்னு போனேன். இதை எழுதித் தந்தாரு. ஒரே மாசத்துல மூஞ்சி பளிச்சுன்னு ஆயிட்டு."

"ஆனபிறகு ஏன் பூசினீங்க?"

"நல்லாக் கேக்குற மருந்தை யாராவது விடுவாகளா?"

"அவர்கிட்ட மறுபடி போய்க் காட்டலையா?"

"சரியாப் போனதுக்கு எதுக்குப் போய்க் காட்டணும்? அவரு இப்ப ஊர்லயும் இல்ல. மேல்படிப்புக்குப் போயிருக்காருன்னு சொல்லுதாக. இந்த வயசுல என்ன படிப்போ, பாவம்."

பக்கத்தில் நின்ற சிஸ்டர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார்.

"சீட்டுக்கு ஏன் பிளாஸ்டிக்?"

"நைஞ்சு கிழியப் பாத்துச்சு. எங்க பள்ளிக்கூடத்து டீச்சர்தான் போட்டுத் தந்தாக. அவுகளும் ஒரு நகல் எடுத்துக்கிட்டாக. கூடச் சமைக்குற ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டாளுவ."

மாணவர் அந்தச் சீட்டைத் தம் ஆசிரியை படிப்பதுபோல் முதல் வரியிலிருந்து படித்தார். மருந்தின் பெயர் இருந்தது. வீரியம் இருந்தது. முகத்துக்கு என்று இருந்தது. காலை, இரவு என்று இருந்தது. எத்தனை நாளைக்கு என்று இல்லை. எப்போது திரும்பி வந்து காட்ட வேண்டும் என்று இல்லை. கையெழுத்தின் கீழே இரண்டு கோடுகள் அழகாக இழுக்கப்பட்டிருந்தன.

"இப்போ என்ன தொந்தரவு?" என்று கேட்டார். கவசத்துக்குள் அவர் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது.

"அடுப்பு முன்னால நிக்க முடியல. நூத்தி இருபது பிள்ளையளுக்குச் சோறாக்கணும். உலை கொதிக்கும்போது மூஞ்சியும் கூடக் கொதிக்கி. பாதியில வெளிய ஓடி வந்து தண்ணி அடிக்கேன். இப்படியே போனா வேற ஆளு போட்டுக்கிடுவோம்னு சொல்லிட்டாக. அதான், களிம்பு கையில இருந்தா சமாளிச்சுக்கிடுவேன்."

"களிம்பை நிறுத்திப் பார்த்தீங்களா?"

"பாத்தேனே. போன மாசம் ரெண்டு நாள் பூசல. மூஞ்சி வீங்கிக் கண்ணு திறக்க முடியல. திரும்பப் பூசுனேன், அடங்கிட்டு. இப்ப நீங்களே சொல்லுங்க. எது நோய், எது மருந்து?"

மாணவர் எழுந்து, அவரை ஆசிரியையின் மேசைக்கு அழைத்துப் போனார். சீட்டு பேச்சித்தாயின் கையில் இருந்தது. அதை அவர் வாங்கவில்லை.

*

ஆசிரியை உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்த முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"இந்தக் களிம்பாலதான் எரியுது" என்றார். "நிறுத்தணும். நிறுத்தினதும் மூணு வாரம் இப்போ இருக்கிறதைவிட மோசமா இருக்கும். அதைத் தாங்கிக்க வேற மருந்து தர்றேன். அந்த மூணு வாரமும் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. உங்க மேலதிகாரிக்கு மருத்துவச் சான்று எழுதித் தர்றேன், வேலை போகாது. முழுசாத் தெளிய மாசக்கணக்கு ஆகும். ஆனா தெளியும்."

"நீங்க நல்லாப் படிச்சவுகதான், டாக்டரம்மா."

"ஆனா?"

"எங்க டாக்டர் சொன்னா நிறுத்துதேன்."

ஆசிரியை பொறுமையாக மறுபடி சொன்னார். முகத்தின் தோல் எப்படி மெலிந்திருக்கிறது என்று கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். இன்னும் ஓராண்டு பூசினால் என்னவாகும் என்றும் சொன்னார். பேச்சித்தாய் அத்தனையும் கேட்டார்.

"எல்லாம் சரிதான். எங்க வீட்டுக்காரரு மஞ்சக்காமாலையில கிடந்தாரு. பெரிய ஆஸ்பத்திரியிலயே கையை விரிச்சுட்டாக. எங்க டாக்டர்தான் வீட்டுக்கே வந்து வந்து பாத்துப் பிழைக்க வச்சாரு. அவரு பூசச் சொன்னாரு, பூசுதேன். அவரு நிறுத்தச் சொல்லட்டும், நிறுத்துதேன். வேற யாரு சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க."

"சீட்டைக் காட்டுங்க" என்றார் ஆசிரியை. சலிப்பை மறைக்க அவர் முயலவில்லை.

படித்தார். முத்திரைக்கு வந்ததும் அவர் கண்கள் அங்கேயே நின்றன.

நிமிர்ந்து மாணவரைப் பார்க்கவில்லை. சீட்டை மேசையின் மேல் மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார். எழுந்து, மூலையில் இருந்த குழாயடிக்குப் போய்க் கை கழுவத் தொடங்கினார்.

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். முத்திரையைப் படித்ததும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

மாணவர் பேச்சித்தாயின் பக்கம் திரும்பினார்.

"அந்த டாக்டரை எனக்குத் தெரியும்" என்றார். "அவரும் இதையேதான் சொல்வார். நிறுத்திருங்க."

"தெரியுமா?" பேச்சித்தாயின் கண்கள் மலர்ந்தன. "அப்போ போனைப் போட்டுக் குடுங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்."

"இப்போ வேலையா இருப்பார்."

"நான் காத்திருக்கேன்."

"சாயங்காலம்தான் கிடைப்பார்."

"கடைசி பஸ்ஸு ஆறரைக்குத்தான். அதுவரைக்கும் இங்கனயே உக்காந்திருக்கேன். என்னால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியை கையை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிய கையையே கழுவினார்.

"புதுச் சீட்டாவது எழுதுங்க டாக்டரய்யா" என்றார் பேச்சித்தாய். அவருக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "இந்தா அந்தான்னு காலையிலேர்ந்து நிக்கேன். ஒரு களிம்புக்கு இவ்வளவு பேச்சா? எங்க டாக்டரா இருந்தா இந்நேரம் எழுதித் தந்து அனுப்பியிருப்பாரு."

மாணவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடியைப் போட்டு வைத்துவிட்டார்.

முகக்கவசத்தைக் கழற்றினார்.

பேச்சித்தாய் அவரைப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அய்யா. நீங்களா?"

"நான்தான். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை.

"களிம்பை நிறுத்துங்க பேச்சித்தாய். அவங்க சொன்னதுதான் சரி. உங்க முகம் இப்படி ஆனது என்னாலதான். ஆறு வாரத்துல நிறுத்திட்டு வந்து காட்டணும்னு நான் எழுதியிருக்கணும். எழுதலை."

குழாய் நின்றது.

பேச்சித்தாய் பையைத் துழாவினார். பாதி பிதுக்கிய களிம்புக் குழாய் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதனருகில், வால் சுருட்டிக் கடைசிச் சொட்டு வரை எடுத்த இன்னொன்றையும் வைத்தார்.

"எழுதாட்டி என்ன அய்யா" என்றார். "வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம்."

"நீங்க சொல்லி நான் எதைச் செய்யாம இருந்திருக்கேன்? காலையில பூசுன்னீங்க, பூசுனேன். ராத்திரி பூசுன்னீங்க, பூசுனேன். எங்க அம்மை செத்த அன்னைக்கும் பூசிட்டுத்தான் போய் அழுதேன்."